எல்லாக் குழந்தைகளுக்கும் இடமுள்ள புத்தக அலமாரி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்சி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஒரு மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி படப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இதில் வருகிறவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்ட கேள்வியோடு அது தொடங்குகிறது. 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களின் கணக்கை லாரிக் திரட்டியிருந்தார். எழுத்திலோ படத்திலோ ஒரே ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டிய நூல்கள் 349 மட்டும். நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு அதன்பின் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. இன்று பல நிறத்து முகங்கள், சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, தலையில் துணி கட்டிய ஒரு பெண் என்று அட்டையிலேயே எல்லோரும் வரிசையாக நிற்கும் புத்தகங்கள் நிறையக் கிடைக்கின்றன. புதிதாகப் புத்தகம் சேர்க்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் அந்த அட்டையைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. படத்தில் ஒரு முகம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி மட்டுமே. அந்த முகத்துக்குக் கதையில் என்ன வேலை என்று பார்ப்பதுதான் முக்கியம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகும்.

வீட்டில் ஒரு அடுக்கு வைத்திருப்பவர், வகுப்பறை நூலகத்தைக் கவனிக்கும் ஆசிரியர், சிறுவர் நூலகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவர் என யாராக இருந்தாலும் இந்த வழிமுறை பொருந்தும்.

முதலில் வாங்காதீர்கள், இருப்பதை எடுத்துப் பாருங்கள்

இருக்கும் புத்தகங்களில் இருபதைக் கைக்கு வந்தபடி எடுத்துத் தரையில் பரப்புங்கள். பிடித்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் கதையை முன்னால் நகர்த்துபவர் யார் என்று எழுதுங்கள். இரண்டாவதில் வேறு யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். மூன்றாவதில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும், நான்காவதில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களும் வெளியான ஆண்டும் வரட்டும்.

மூன்றாவது கட்டத்தில் வினைச்சொற்களை மட்டும் எழுதினால் போதும். "கண்டுபிடித்தான், ஏறினான், திட்டம் போட்டான், சண்டை போட்டான், மன்னிப்புக் கேட்டான்" என்று ஒருவனுக்கு வரிசையாக வரும். அதே கதையில் வரும் தங்கைக்கு "சிரித்தாள், பயந்தாள், கை தட்டினாள்" என்று மூன்றோடு நின்றுவிடும். படிக்கும்போது தெரியாதது இந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். ஒரு புத்தகத்தில் இப்படி இருந்தால் பரவாயில்லை. இருபதில் பதினைந்தில் இப்படி இருந்தால், அந்த அலமாரி குழந்தைக்கு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இது வெறும் சந்தேகம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்காவில் வெளியான கிட்டத்தட்ட 6,000 சிறுவர் நூல்களை ஜேனிஸ் மெக்கேபும் அவருடைய சக ஆய்வாளர்களும் அலசி, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண் மையப் பாத்திரமாக இருந்த நூல்கள் 57 விழுக்காடு, பெண் மையப் பாத்திரமாக இருந்தவை 31 விழுக்காடு. விலங்குக் கதைகளில் இடைவெளி இன்னும் பெரிது: ஆண் விலங்கு மையமாக இருந்தவை 23 விழுக்காட்டுக்கு மேல், பெண் விலங்கு மையமாக இருந்தவை 8 விழுக்காட்டுக்கும் குறைவு.

விலங்குக் கதைகளைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. "எங்களிடம் இருப்பதெல்லாம் யானையும் முயலும்தான், அதில் ஏது பாகுபாடு?" என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் திரட்டிய 2018-ஆம் ஆண்டுக் கணக்கில், வெள்ளையினப் பாத்திரங்கள் மையமாக இருந்த நூல்கள் பாதி, விலங்குகளும் பொருள்களும் மையமாக இருந்தவை 27 விழுக்காடு. மற்ற எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டினாலும் 23 விழுக்காடுதான். ஒரு கறுப்பினச் சிறுவனோ பழங்குடிச் சிறுமியோ புத்தகத்தில் தன்னைச் சந்திப்பதைவிட ஒரு கரடியைச் சந்திப்பது எளிதாக இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கனடாவில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையைச் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும் சிலருக்கு ஆடை உடுத்திய விலங்குகளோடும் படித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகப் பிறருக்குக் கொடுத்தார்கள். விலங்குக் கதை அப்படி வேலை செய்யவில்லை. யானைக் கதையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, குழந்தைகளுக்கு யானை வேண்டும். ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் யானையை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

ஒரு புத்தகத்தை எப்படிச் சோதிப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். இப்படி ஒரு படக்கதை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி இருக்கிறாள். யாரும் அவளை விளையாட்டில் சேர்ப்பதில்லை. ஒரு நாள் பந்து எங்கோ சிக்கிக்கொள்கிறது. அவள் ஒரு யோசனை சொல்லி அதை எடுத்துக் கொடுக்கிறாள். அன்றிலிருந்து எல்லோரும் அவளுக்கு நண்பர்கள் ஆகிறார்கள். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

முதல் பார்வைக்கு நல்ல கதை. இரண்டாம் முறை படியுங்கள். அந்தச் சிறுமியைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பந்தை எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால்? அவள் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இந்தக் கதை, நீ மற்றவர்களுக்குப் பயன்பட்டால்தான் உனக்கு இங்கே இடம் என்று அவளுக்குச் சொல்கிறது. ஒதுக்கி வைத்த பிள்ளைகள் தாங்கள் செய்ததைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆட்டத்தின் விதியை மாற்றலாமே என்று யாரும் யோசிக்கவில்லை.

இதே கதையை, அவள் முதல் பக்கத்திலிருந்தே ஆட்டத்தில் இருக்கிற மாதிரி எழுதலாம். அவள் ஏமாற்றி ஆடுகிறாள், பிடிபடுகிறாள், கோபித்துக்கொள்கிறாள். நாற்காலியைப் பற்றிக் கதை வாயே திறப்பதில்லை, படத்தில் அது இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது புத்தகத்தை நான் யோசிக்காமல் எடுப்பேன். தப்பு செய்யவும் திட்டு வாங்கவும் உரிமை இருக்கிற பிள்ளைதான் கதையில் முழுப் பிள்ளை.

இதே கண்ணோடு மற்ற புத்தகங்களையும் பாருங்கள். ஏழைச் சிறுவன் கதையில் எதையாவது தானே செய்கிறானா, அல்லது பணக்காரச் சிறுவனின் நல்ல மனதைக் காட்டுவதற்காக நன்றியோடு நிற்கிறானா? மாற்றுத்திறனுள்ள பிள்ளை கடைசிப் பக்கத்தில் "குணமாகி" எழுந்து ஓடினால்தான் முடிவு சந்தோஷமாக இருக்கிறதா? கெட்டவனுக்கு மட்டும் முகத்தில் தழும்பும் ஒற்றைக் கண்ணும் விந்திய காலும் இருக்கின்றனவா? வேறு இனத்து, வேறு மதத்துப் பிள்ளை பண்டிகை உடையில் மட்டும்தான் வருமா, சாதாரண நாளில் பல் துலக்கிப் பள்ளிக்குப் போகாதா?

படத்தைத் தனியாகப் பாருங்கள். எழுத்தை மூடிக்கொண்டு பக்கங்களைப் புரட்டுங்கள். நடுவில் நிற்பது யார், பெரிதாக இருப்பது யார், கூட்டத்தின் கடைசி வரிசையில் அரைமுகமாக இருப்பது யார்? ஒரே முக அச்சை வரைந்துவிட்டு நிறத்தை மட்டும் மாற்றிப் பூசியிருக்கிறார்களா? நல்ல ஓவியர் மூக்கையும் முடியையும் உடல்வாகையும் கவனித்து வரைந்திருப்பார். சக்கர நாற்காலியிலேயே இது தெரியும். மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் நாற்காலி வேறு. ஒரு பிள்ளை தானே உருட்டிக்கொண்டு தினமும் திரிகிற நாற்காலி வேறு. பின்னதில் யாரும் பிடித்துத் தள்ளும் உயரமான கைப்பிடி பெரும்பாலும் இருக்காது, சக்கரம் கைக்கு எட்டும்படி இருக்கும். விசாரிக்காமல் வரைந்தவர் முதல் வகையை வரைந்து வைத்திருப்பார்.

தமிழ்ப் புத்தகத்தில் கூடுதலாக ஒன்றைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல்களில் இதைப் பார்ப்பது அரிது. நம் மொழியில் மரியாதை வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. மருத்துவர் வந்தார், ஆசிரியர் சொன்னார், அப்பா சிரித்தார். ஆனால் துப்புரவு செய்பவன் வந்தான், வேலைக்காரி சொன்னாள், அம்மா சிரித்தாள். எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், கை போன போக்கில் வந்திருக்கும். ஆனால் படிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' என்பதை எழுத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறது. சாதியையும் வர்க்கத்தையும் பற்றி ஒரு சொல்கூட இல்லாத கதையிலும் இது நடக்கிறது.

இதைச் சரிசெய்வது எளிது. சத்தமாக வாசிக்கும்போது "குப்பை எடுக்கிறவர் வந்தார்" என்று மாற்றி வாசியுங்கள். உங்கள் சொந்தப் புத்தகமாக இருந்தால் பென்சிலால் திருத்தியும் வைக்கலாம். பெரிய பிள்ளைகள் என்றால் அவர்களிடமே விட்டுவிடுங்கள்: "இந்தக் கதையில யாருக்கெல்லாம் 'வந்தார்' போட்டிருக்கு, யாருக்கெல்லாம் 'வந்தான்' போட்டிருக்குன்னு கண்டுபிடி பார்க்கலாம்." எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த வேலையில் உற்சாகமாக இறங்குவார்கள்.

அடைமொழிகளையும் பாருங்கள். அழகு என்றவுடன் "சிவந்த மேனி" வருகிறதா, பயங்கரம் என்றவுடன் "கன்னங்கரேல் என்று ஓர் உருவம்" வருகிறதா? குருடன், நொண்டி, ஊமை என்பவை ஒருவருடைய பெயராகவே நிற்கின்றனவா? பார்வையற்றவர், காது கேளாதவர் என்று சொல்வதோடு அவருக்கு ஒரு பெயரும் இருக்க வேண்டும். கதையில் எல்லோருக்கும் பெயர் இருந்து, ஒருவருக்கு மட்டும் உடற்குறையே பெயராக இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தள்ளி வைக்கலாம்.

கண்ணாடியும் சன்னலும்

இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஓர் உவமை உண்டு. ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் சொன்னது. புத்தகம் சில நேரம் சன்னலாக இருந்து வேறு உலகத்தைக் காட்டும். சில நேரம் வாசகர் உள்ளே நுழைந்துவிடக்கூடிய தள்ளுகதவாக இருக்கும். வெளிச்சம் சரியாக விழும்போது அந்தச் சன்னலே முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் ஆகும். தன்னைப் புத்தகத்தில் எங்கும் பார்க்காத பிள்ளை, தனக்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளும் என்றார். எங்கும் தன்னையே பார்க்கும் பிள்ளைக்கும் கேடுதான், உலகமே தன்னைச் சுற்றித்தான் இருக்கிறது என்று நம்பிவிடும் என்றும் எச்சரித்தார்.

இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "எங்கள் வகுப்பில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் யாரும் இல்லை, எங்களுக்கு எதற்கு அந்தப் புத்தகம்?" என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் உடல், மனக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படி ஒருவரை உங்கள் பிள்ளைகள் வாழ்க்கையில் சந்திக்காமல் இருக்கப் போவதில்லை.

ஆகவே உங்கள் தாளை எடுத்து இரண்டு குறி போடுங்கள். இந்த வீட்டில், இந்த வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடியே கிடைக்கவில்லை? எந்தச் சன்னல் இன்னும் திறக்கவில்லை? தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, அம்மா மட்டும் இருக்கும் பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, ஊர்விட்டு ஊர் வந்து வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, பருமனான பிள்ளை, அழ விரும்பும் பையன், திருநங்கை ஒருவரைச் சித்தியாகவோ அத்தையாகவோ அழைத்து வளரும் பிள்ளை எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். முதலில் வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும், கடையில் முன்வரிசையில் இருப்பதிலிருந்து இல்லை.

ஒரு குழுவுக்கு ஒரு புத்தகம் போதாது

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா எங்கோசி அடிச்சி 2009-இல் ஆற்றிய உரையில், ஒரு மக்களைப் பற்றி ஒரே ஒரு கதையை மட்டும் கேட்டால் அந்த மக்கள் அந்தக் கதையாகவே நம் மனதில் நின்றுவிடுவார்கள் என்றார். அலமாரிக்கும் இது அப்படியே பொருந்தும். அகதிச் சிறுமி பற்றி ஒரு புத்தகம், அதில் அவள் அழுகிறாள். அடிமைமுறை பற்றி ஒரு புத்தகம், அதில் சவுக்கடி. இரண்டும் தேவையான புத்தகங்களாகவே இருக்கட்டும். அவற்றோடு நிறுத்திவிட்டால், அந்த மக்களுக்குத் துன்பத்தைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அந்த இனத்துப் பிள்ளையோ, புத்தகம் என்றாலே தன்னைப் பற்றிச் சோகச் செய்திதான் வரும் என்று பயப்படத் தொடங்கும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரு துயரக் கதை வாங்கினால் அதே மக்களைப் பற்றி இரண்டு சாதாரணக் கதைகளை வாங்குங்கள். காணாமல் போன செருப்பைத் தேடுவது, விழப்போகும் பல்லை ஆட்டிப் பார்ப்பது, மழையில் விளையாடுவது, துப்பறிவது. நீதியோ பாடமோ இல்லாமல் சிரிக்க வைக்கும் புத்தகங்கள் இந்த அலமாரிக்கு அவசியம் வேண்டும்.

எழுதியவர் யார்?

விஸ்கான்சின் மையம் 1985-இல் முதன்முதலாக எண்ணியபோது, அமெரிக்காவில் அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ உருவாக்கியவை 18 மட்டுமே. கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய கதைகளையும் பெரும்பாலும் வேறு யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் எழுதும்போது வெளியாருக்குத் தோன்றாத நுணுக்கங்கள் தானாக வந்து விழும். செவித்துணைக் கருவியின் பேட்டரி பாதி வகுப்பில் தீர்ந்துபோகும் எரிச்சலை, அதை அனுபவித்தவரைப் போல இன்னொருவர் எழுதுவது கடினம். ஆகவே பின்னட்டையில் எழுத்தாளர் குறிப்பைப் படியுங்கள். ஆனால் இதை ஒரு தகுதித் தேர்வாக ஆக்கிவிட வேண்டாம். கொரின் டைவிஸ் என்ற எழுத்தாளர் 2015-இல் தொடங்கிவைத்த "சொந்தக் குரல்" என்ற அடையாளக் குறி, அதாவது எழுதியவரும் கதையின் நாயகரும் ஒரே ஒதுக்கப்பட்ட குழுவைச் சேர்ந்தவர்கள் என்று காட்டும் குறி, ஒரு காலம் பெரிதாகப் பரவியது. பிறகு, எழுத்தாளர்கள் தங்கள் அந்தரங்கத்தை வெளியே சொல்லியாக வேண்டிய நெருக்கடி வந்ததால், இந்தத் துறையில் முன்னணியில் இருக்கும் ஓர் அமெரிக்க அமைப்பே 2021-இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. உங்கள் அலமாரி முழுவதையும் சேர்த்துப் பார்த்து, எல்லோருடைய கதையையும் ஒரே வகை மனிதர்களே எழுதியிருக்கிறார்களா என்று கேட்டால் போதும்.

எங்கே தேடுவது

நூலகரிடம் கேளுங்கள். "பன்முகத்தன்மை பற்றிய புத்தகம் வேண்டும்" என்று கேட்டால் அவரால் உதவ முடியாது. "காது கேளாத பிள்ளை நாயகனாக வரும், சிரிப்பான, ஆறு வயதுக்கு ஏற்ற கதை வேண்டும்" என்று கேட்டால் முடியும்.

விருதுப் பட்டியல்கள் நல்ல வடிகட்டி. மாற்றுத்திறன் அனுபவத்தைச் சித்திரிக்கும் நூல்களுக்கு ஷ்னைடர் குடும்ப விருது 2004 முதல் தரப்படுகிறது. ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்குமான கொரெட்டா ஸ்காட் கிங் விருது 1970 முதல் இருக்கிறது. மாற்றுத்திறனுள்ள இளையோருக்கான சிறந்த நூல்களை உலகெங்குமிருந்து தேர்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலிடுகிறது ஐபிபிஒய் எனப்படும் பன்னாட்டு இளையோர் நூல் அமைப்பு. அதைத் தொடங்கியவர் ஜெல்லா லெப்மன் என்ற யூதப் பத்திரிகையாளர். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போனவர், போர் முடிந்ததும் ஜெர்மனிக்கே திரும்பி வந்து, பல நாடுகளிடம் சிறுவர் நூல்களைக் கேட்டு வாங்கி 1946-இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். இடிபாடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு உணவைப் போலவே அயல்நாட்டுக் கதைகளும் தேவை என்று நம்பியவர் அவர். இந்த வேலையில் சோர்வு வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இலவசமாக வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். இலவசம் என்பதால் மேலே சொன்ன சோதனையைத் தளர்த்த வேண்டாம்.

புத்தகம் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா

பார்வையற்ற சிறுவன் நாயகனாக வரும் அருமையான புத்தகம் இருக்கிறது, பார்வையற்ற சிறுவனால் அதைப் படிக்க முடியாது. இது எத்தனை பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தத் தடையை நீக்கத்தான் 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை கையெழுத்தானது, 2016-இல் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றவர்களுக்கும் அச்சு நூலைப் படிக்க இயலாத மற்றவர்களுக்கும் பிரெயில், ஒலிநூல், பெரிய எழுத்து வடிவங்களில் ஒரு நூலை ஆக்குவதற்குக் காப்புரிமை குறுக்கே நிற்காதபடி அது வழி செய்தது. அதில் சேர்ந்துள்ள நாடுகளில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இந்தப் பிரதிகளை எல்லை கடந்தும் பரிமாறிக்கொள்ளலாம். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த நிறுவனங்களை அணுகுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். எழுத்து நெருக்கமில்லாத பக்கங்கள், தொட்டுணரும் படங்கள், சொற்களே இல்லாத படக்கதைகள், வீட்டு மொழியும் பள்ளி மொழியும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழி நூல்கள் ஆகியவற்றில் ஒவ்வொன்று இருக்கட்டும். சொற்களற்ற படக்கதையைப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனோடு உட்கார்ந்து சொல்ல முடியும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டாத அடுக்கில் எந்த நல்ல புத்தகத்தை வைத்தும் பயனில்லை.

வாசிக்கும் நேரம்

"பிள்ளைகள் வேற்றுமை பார்ப்பதில்லை, நாம் ஏன் காட்டிக் கொடுக்க வேண்டும்?" என்பார்கள். பார்க்கிறார்கள். மூன்று மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பழகிய இனத்து முகங்களையே அதிக நேரம் பார்ப்பதாக 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில், "மிக மிகப் புத்திசாலி" யார் என்று கேட்டபோது ஐந்து வயதில் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் தத்தம் பாலினத்தவரைச் சமமாகவே காட்டினார்கள். ஆறு வயதுக்குள் பெண்பிள்ளைகள் தங்கள் பாலினத்தவரைக் காட்டுவது குறைந்துவிட்டது. நாம் பேசாமல் இருந்தால் அந்த இடத்தை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள்.

பிள்ளை சத்தமாகக் கேள்வி கேட்டால் "ஸ்ஸ்" என்று அடக்காதீர்கள். அடக்கினால், இது பேசக்கூடாத அசிங்கம் என்று புரிந்துகொள்ளும். பேச்சு இப்படிப் போகலாம்:

"அந்த மாமா ஏன் வெள்ளைக் குச்சி வைச்சிருக்காரு?"

"அவருக்குக் கண்ணு தெரியாதும்மா. குச்சியால தட்டிப் பார்த்து வழி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்குவாரு."

"பாவம் இல்ல?"

"அடுத்த பக்கத்துல அவரு என்ன பண்றாருன்னு பாரேன்."

அவ்வளவு போதும். உண்மையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்த மனிதர் செய்யும் காரியத்துக்குக் கவனத்தைத் திருப்பிவிடுங்கள். நீண்ட விளக்கம் கொடுத்தால் கதை செத்துவிடும்.

வகுப்பில் வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆட்டிசம் உள்ள பிள்ளை வரும் கதையை வாசித்துவிட்டு, வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். "உனக்கும் இப்படித்தானே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை தானாக வந்து பேசினால் கேளுங்கள்.

பழைய புத்தகங்களை என்ன செய்வது

நாம் சின்ன வயதில் நேசித்த சில புத்தகங்கள் இந்தச் சோதனையில் தோற்கும். வருத்தமாகத்தான் இருக்கும். என் தீர்ப்பு இது: ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்திலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள், அந்த வயதில் படத்தை எதிர்த்து வாதாட அவர்களால் முடியாது. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் கூடவே உட்கார்ந்து படியுங்கள். "இதை எழுதின காலத்துல இவங்கள ஏன் இப்படிக் காட்டினாங்கன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். நடுவில் உள்ள வயதுக்கு, பிள்ளையைத் தெரிந்த நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

யாராவது எதிர்த்தால்

பொது நூலகத்திலோ பள்ளியிலோ வேலை செய்பவர்களுக்கு இது வரும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் 2023-இல் மட்டும் 4,240 வெவ்வேறு நூல்களை நூலகங்களிலிருந்து நீக்க முயற்சி நடந்தது. அவற்றில் கிட்டத்தட்ட பாதி, பால்புதுமையினரையும் (தன்பால் ஈர்ப்பினர், திருநர் போன்றோர்) வெள்ளையரல்லாதவர்களையும் பற்றியவை. எதிர்ப்பு வந்த பிறகு பதில் தேடினால் கை நடுங்கும். நூல்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, தலைமையாசிரியரிடமோ நிர்வாகத்திடமோ முன்னதாகவே ஒப்புதல் வாங்கி வையுங்கள். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, சிறுவர் நூல்களை உருவாக்கிப் பரப்புவதை ஊக்குவிப்பதையும், சிறுபான்மை, பழங்குடிப் பிள்ளைகளின் மொழித் தேவையைக் கவனிக்கும்படி ஊடகங்களை ஊக்குவிப்பதையும் நாடுகளின் பொறுப்பாகச் சொல்கிறது. அதை அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பவரிடம் முதலில் புத்தகத்தை முழுவதும் படிக்கும்படி கேளுங்கள். பலர் ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

புத்தகமே கிடைக்காவிட்டால்

எவ்வளவு தேடியும் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி கிடைக்காது. அவர்கள் பேசும் மொழியில் அச்சு நூலே இருக்காது, அல்லது அவர்கள் குடும்பத்தைப் போல ஒரு குடும்பத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அப்போது அந்தப் பிள்ளையோடு சேர்ந்து புத்தகம் செய்யுங்கள். நான்கு தாளை நடுவில் மடித்து நூலால் தைத்தால் பதினாறு பக்கம் வரும். அட்டைக்கும் பெயருக்கும் போக மீதிப் பக்கங்கள் கதைக்கு. பிள்ளை சொல்லச் சொல்ல, அது சொன்ன சொற்களை மாற்றாமல் நீங்கள் எழுதுங்கள், படத்தை அது வரையட்டும். கதையை நல்லதாக்குகிறேன் என்று நீதி எதையும் கடைசியில் ஒட்டிவிடாதீர்கள். முடிந்ததும் புத்தகத்தின் முதுகில் பெயர் எழுதி, மற்ற நூல்களைப் பதிவு செய்யும் ஏட்டிலேயே இதற்கும் எண் கொடுத்து, மற்ற பிள்ளைகளும் இரவல் எடுத்துப்போகிற மாதிரி அதே அடுக்கில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இருபது புத்தகங்களை மறுபடி தரையில் பரப்பும்போது, அதையும் சேர்த்துப் பரப்பி அதே நான்கு கட்டங்களில் எழுதுங்கள்.